வீட்டுத் தேனீக்குத் தண்ணீர் வைப்பது எப்படி: இடம், கலம், பராமரிப்பு

தேனீ வளர்க்க முடிவு செய்தவர்கள் சுற்றுப்புறத்தில் என்ன பூ இருக்கிறது என்று பார்ப்பார்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பலரும் பார்ப்பதில்லை. நாம் வைக்காவிட்டாலும் தேனீ எங்காவது போய்த் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். சிக்கல் அந்த 'எங்காவது'தான். பக்கத்து வீட்டு நீச்சல்குளம், ஏசி தண்ணீர் சொட்டும் குழாய் முனை, நாய்க்கு வைத்த கிண்ணம், கொடியில் காயும் ஈரத்துணி, பூச்சிமருந்து தெளித்த நிலத்தின் குட்டை என்று எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பிடித்துவிட்டால் லேசில் விடாது. அதனால் நல்ல நீர்நிலை அமைப்பது தேனீக்குச் செய்யும் உதவி மட்டும் அல்ல, அக்கம்பக்கத்தாரோடு சண்டை வராமல் காக்கும் வழியும்கூட.

இரண்டு விஷயங்களை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தேனீக்கு வேண்டியது ஆழமான தண்ணீர் அல்ல, கால் ஊன்றி நிற்க ஈரமான தரை. அந்த ஈரம் ஒரு நாள்கூட வற்றக் கூடாது. கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த இரண்டையும் காப்பாற்றத்தான்.

தண்ணீர் எதற்கு, எவ்வளவு

புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கும் அடைப்பகுதியைத் தேனீக்கள் 34 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கும். வெளியே வெயில் ஏறும்போது அறைகளின் விளிம்பிலும் மேல்சுவரிலும் சிறுசிறு துளியாகத் தண்ணீரைத் தடவி, சிறகால் விசிறி ஆவியாக்கிக் கூட்டைக் குளிர்விக்கும். இதற்குத்தான் நிறையத் தண்ணீர் செலவாகிறது. புழுக்களுக்கு ஊட்டும் கூழைச் சுரக்கும் செவிலித் தேனீக்களுக்கும் தண்ணீர் தேவை. கெட்டியான தேனையும் உறைந்த தேனையும் நீர்த்தால்தான் தின்ன முடியும். கூட்டுக்குள் காற்று மிகவும் காய்ந்துபோனால் முட்டை பொரிவதே நின்றுவிடும்.

வெயில் நாளில் வலுவான ஒரு கூட்டம் ஒரு லிட்டரும் அதற்கு மேலும் எடுக்கும். ஒரு தேனீ தன் தேன்பையில் ஒரு நடைக்குச் சுமப்பது ஏறத்தாழ 25 முதல் 50 மில்லிகிராம். நடுவாக 40 என்று வைத்தால் ஒரு லிட்டருக்கு 25,000 நடை. தண்ணீர் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அத்தனை நடையும் வீண் உழைப்பு. 15 மீட்டரில் இருந்தால் அந்தத் தேனீக்களில் பல பூவுக்குப் போகலாம்.

தேனைச் சேமிப்பதுபோல் தண்ணீரைக் கூட்டம் பெரிதாகச் சேமிப்பதில்லை. அன்றன்றைக்குக் கொண்டுவந்து அன்றன்றைக்கே செலவழிக்கும். நண்பகலில் உங்கள் கலம் வற்றினால் அந்த நேரத்திலேயே கூட்டில் வெப்பம் ஏறத் தொடங்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பூக்களில் மது, அதாவது பூந்தேன், பெருகும் காலத்தில் அந்த மதுவிலேயே தண்ணீர் அதிகம் இருப்பதால் நீர்நிலைக்கு வரும் தேனீக்கள் சட்டென்று குறையும். அமைப்பில் ஏதோ கோளாறு என்று பதறி எதையும் மாற்ற வேண்டாம். மது குறைந்ததும் திரும்பி வரும், ஆனால் கலத்தில் தண்ணீர் இருந்தால்தான்.

பெட்டிக்கு முன்னால் தண்ணீர்

பெட்டி வந்து இறங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே நீர்நிலை தயாராக இருக்க வேண்டும். தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவர் 1954-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை விளக்குகிறது. தண்ணீர் கொண்டுவரும் தேனீக்குக் கூட்டின் நிலைமையைச் சொல்வது உள்ளிருந்து அதை வாங்கிக்கொள்ளும் தேனீதான். சுமையை ஒரு நிமிடத்துக்குள் ஆவலோடு வாங்கிக்கொண்டால் சுமந்து வந்த தேனீ நடனமாடி மற்றவற்றையும் அந்த இடத்துக்கு அனுப்பும். வாங்க ஆளில்லாமல் சில நிமிடம் அலைந்தால் தண்ணீர் எடுப்பதையே நிறுத்திவிடும். புது இடத்தில் வைத்த கூட்டத்துக்கு முதல் நாட்களில் தண்ணீர்ப் பசி அதிகம். அப்போது எந்த இடத்துக்கு நடனம் ஆடப்படுகிறதோ அதுவே வழக்கமான இடமாகிவிடும்.

இடம்

பெட்டியிலிருந்து 5 முதல் 20 மீட்டர் தொலைவு போதும். வாசலுக்கு நேர் எதிரே, பறக்கும் பாதைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள். தேனீக்கள் வெளியே வந்ததும் பறந்தபடியே கழிவை விடும். அது தண்ணீரில் விழுந்தால் நோசிமா போன்ற குடல்நோய்களின் வித்துகள் தண்ணீர் வழியாகக் கூட்டம் முழுவதும் பரவலாம். மரக்கிளைக்கு நேர் கீழேயும் வேண்டாம், பறவை எச்சமும் இலையும் விழும்.

காலை வெயில் படவேண்டும். சில்லென்ற தண்ணீரைக் குடித்த தேனீயின் உடல் குளிர்ந்து, பறக்க முடியாமல் அங்கேயே விறைத்துப் போகலாம். குளிர்ந்த பருவத்தில் கலத்தைச் சுற்றிச் செத்துக் கிடக்கும் தேனீக்களில் பல இப்படிச் செத்தவைதான். அந்தப் பருவத்தில் கருநிறக் கலமும் காற்று மறைவும் கைகொடுக்கும். கடும் வெயில் பருவத்தில் பிற்பகலுக்கு நிழல் விழும் இடமே நல்லது, ஆவியாவது குறையும்.

தரையிலிருந்து 30 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மேடை போடுங்கள். தவளையும் தேரையும் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து தேனீக்களை ஒவ்வொன்றாக விழுங்குவது தரையில் வைத்த கலங்களில் வழக்கம். ஆட்கள் நடக்கும் பாதை, குழந்தைகள் விளையாடும் இடம், பக்கத்து வீட்டு வேலி ஆகியவற்றிலிருந்து விலகி இருக்கட்டும்.

தட்டில் கல் போட்டு வைத்தால் ஏன் போதாது

பலரும் செய்வது இதுதான்: ஒரு தட்டு, அதில் கூழாங்கல், மேலே தண்ணீர். வடிவம் சரிதான், கொள்ளளவு போதாது. 35 செ.மீ. விட்டமுள்ள தட்டில் 4 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்கிறது என்று வையுங்கள். கல் இல்லாவிட்டால் 3.8 லிட்டர் பிடிக்கும். கல் நிரப்பினால் இடுக்குகளில் மிஞ்சுவது பத்தில் நான்கு பங்குதான், அதாவது ஒன்றரை லிட்டர். கூட்டம் ஒரு லிட்டர் எடுத்து, வெயில் அரை லிட்டரை ஆவியாக்கினால் காலையில் நிரப்பிய தட்டு மாலைக்குள் காய்ந்துவிடும். இரண்டு நாள் ஊருக்குப் போனால் அவ்வளவுதான், தேனீக்கள் வேறு இடம் பார்த்திருக்கும். அதனால் தட்டோடு ஒரு சேமிப்புக் கலமும் வேண்டும்.

தானே நிரம்பும் தட்டு: செய்முறை

மின்சாரம் வேண்டாம், குழாய் இணைப்பும் வேண்டாம். தேவையானவை: மூடி இறுக்கமாகத் திருகக்கூடிய, தட்டையான அடியுள்ள 10 லிட்டர் கெட்டி பிளாஸ்டிக் கேன்; உள்விட்டம் 45 செ.மீ., ஆழம் 8 செ.மீ. உள்ள தட்டு, 3 முதல் 5 செ.மீ. அளவுள்ள சொரசொரப்பான கற்களும் செங்கல் அல்லது ஓட்டுத் துண்டுகளும், டெஃப்லான் டேப், உள்ளங்கை அகலத்துக்குத் துருப்பிடிக்காத சல்லடைக் கம்பிவலை.

1. கேனின் பக்கவாட்டில், அடியிலிருந்து அளந்து, துளையின் மேல்விளிம்பு சரியாக 4 செ.மீ. உயரத்தில் வரும்படி 10 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். தட்டில் தண்ணீர் எப்போதும் இந்த மேல்விளிம்பு மட்டத்தில்தான் நிற்கும். துளை மிகச் சிறிதாக இருந்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசை காற்றுக் குமிழை உள்ளே விடாது; கேனில் தண்ணீர் இருந்தும் தட்டு காய்ந்து கிடக்கும்.

2. துளைக்கு மேல் 2 மி.மீ. கண்ணுள்ள வலையை ஒட்டுங்கள். வலை இல்லாவிட்டால், கேன் காலியாகும் நாளில் தேனீக்கள் துளை வழியே உள்ளே நுழைந்துவிடும். நீங்கள் நிரப்பும்போது உள்ளேயே மூழ்கிச் சாகும்.

3. மூடியின் மரையில் டெஃப்லான் டேப்பை நான்கைந்து சுற்று சுற்றுங்கள். இந்த அமைப்பு முழுவதும் மூடி காற்றை உள்ளே விடாமல் இருப்பதை நம்பித்தான் நிற்கிறது.

4. துளையை வெளியிலிருந்து ஒட்டும் நாடாவால் அடைத்து, கேனை நிரப்பி, மூடியை இறுக்கித் தட்டின் நடுவில் வையுங்கள். தட்டு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தபின் நாடாவை உரியுங்கள். குளுகுளுவென்று சத்தத்தோடு தண்ணீர் இறங்கி, மட்டம் துளையைத் தொட்டதும் நிற்கும். பத்து நிமிடம் கவனியுங்கள். அதற்குமேலும் மட்டம் ஏறினால் மூடியில் காற்றுக் கசிவு இருக்கிறது.

5. துளைக்கு முன்னால் 3 செ.மீ. இடம் விட்டு மற்ற இடமெல்லாம் கல்லையும் செங்கல் துண்டையும் அடுக்குங்கள். விட்ட இடத்தின் மேல் ஒரு தட்டையான ஓட்டுத் துண்டைக் கூரைபோல் சாய்த்துவிடுங்கள். கற்களின் தலை நீர்மட்டத்துக்கு மேல் 2 செ.மீ. தெரிய வேண்டும். ஓரத்துக் கற்கள் தட்டின் விளிம்பை எட்டியிருக்கட்டும்.

6. கேனுக்கு வெள்ளைத் துணி சுற்றுங்கள். இது அழகுக்காக அல்ல. பாதி காலியான கேனில் வெயில் பட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். காற்று 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய காலியான 10 லிட்டர் கேன் ஒரு லிட்டர்வரை தள்ளிவிடும். கல் நிரம்பிய தட்டில் மட்டம் 2 செ.மீ.க்கு மேல் ஏறும். தட்டு 8 செ.மீ. ஆழம், துளை 4 செ.மீ. உயரம் என்று இடைவெளி விட்டது இதற்காகத்தான். மெல்லிய கேனைத் தவிர்க்கச் சொல்வதும் இப்படி ஒரு காரணத்தால்தான்: உள்ளே உண்டாகும் வெற்றிடத்தில் அதன் சுவர் ஒட்டிப்போய்த் தண்ணீர் கூடுதலாக வெளியேறும்.

செங்கல் துண்டுகளை நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூழாங்கல்லில் நீர் வழுக்கி ஓடும், செங்கல் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். வந்திறங்கிய தேனீ தண்ணீரை நோக்கி நடக்கும். உணர்கொம்பால் தட்டித்தட்டிப் பார்க்கும். பல நேரம் தண்ணீருக்கே போகாமல் ஈரமான செங்கல்லில் நாக்கை ஒற்றி நின்றுவிடும். வயிறு மட்டும் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். ஒரு நிமிடம் போல அப்படி நின்றுவிட்டு, சற்றுக் கனத்த குரலோடு எழும்பிப் பறக்கும். கால் நனையாமலே வேலை முடிந்துவிடுகிறது.

மூழ்குவது ஏன்

2019-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இருவர், தண்ணீரில் விழுந்த தேனீ என்ன செய்கிறது என்பதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். சிறகின் அடிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டிக்கொள்வதால் தேனீயால் எழும்ப முடிவதில்லை. ஆனால் அதே சிறகை அடித்து அலை எழுப்பி, அந்த உந்தலில் மெல்ல முன்னேறிக் கரையேற முயல்கிறது. அந்த முயற்சிக்கு வலு கொஞ்சம்தான், அதையும் வெகுநேரம் தொடர முடியாது. ஆகவே கலத்தில் எந்த இடத்திலும் 2 முதல் 3 செ.மீ.க்கு மேல் அகலமான திறந்த நீர்ப்பரப்பு இருக்கக் கூடாது. எந்தப் பக்கம் தத்தளித்தாலும் பிடித்து ஏற ஒரு சொரசொரப்பு கிடைக்கவேண்டும். கண்ணாடி, எனாமல், வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவர்களில் ஏற முடியாது. உள்சுவரில் சணல் சாக்குப் பட்டையைத் தொங்கவிட்டால் போதும்.

வாளியில் மிதவைப் பலகை போடுபவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். வாய் அகன்று அடி குறுகிய வாளியில், மேல்விட்டத்துக்கு வெட்டிய பலகை நீர் குறையும்போது நடுவழியில் சிக்கித் தொங்கும்; அடிவிட்டத்துக்கு வெட்டினால் மேலே நிற்கும்போது ஓரத்தில் பெரிய இடைவெளி விழும். நேர்ச்சுவர் உள்ள கலத்தையே தேர்ந்தெடுங்கள். பலகை சுற்றிலும் 1 செ.மீ. குறைவாக இருக்கட்டும், அதில் 8 மி.மீ. துளைகள் போடுங்கள். மருந்து ஏற்றிய மரமோ பெயின்ட் அடித்த மரமோ வேண்டாம்.

சொட்டுநீர் முறை

குழாய் வசதி இருந்தால் இதைவிட நல்ல முறை இல்லை. உயரத்தில் ஒரு டேங்க், அதிலிருந்து சொட்டுநீர்க் குழாய், முனையில் திருகி அளவு மாற்றும் சொட்டுவான். சாய்த்து வைத்த சொரசொரப்பான பலகையில் வளைந்து வளைந்து காடி வெட்டி, அதன் உச்சியில் சொட்டவிடுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்குச் சுமார் 180 மி.லி., நாளுக்கு நாலேகால் லிட்டர். இரண்டு பெட்டிக்குத் தாராளம். அடியில் வழியும் நீரை ஒரு செடித்தொட்டிக்கு விடுங்கள், தேங்கவிடாதீர்கள். சொட்டுவானில் உப்பு படிந்து அடைத்துக்கொள்வது இதன் ஒரே தொல்லை. மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்து, நன்றாக அலசி மாட்டுங்கள்.

எந்தத் தண்ணீர்

பளிங்குபோன்ற சுத்தமான தண்ணீரைத் தேனீ தேடுவதில்லை. மணம் உள்ள, லேசான உப்புள்ள தண்ணீரையே நாடும். பாசி படிந்த தொட்டியும் குளோரின் வீசும் நீச்சல்குளமும் அதை இழுப்பது இதனால்தான். குழாய்த் தண்ணீரை ஊற்றலாம், தவறில்லை. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் நெடி போய்விடும். புதுக் கலமாக இருந்தால் காய்ந்த இலை கொஞ்சம் ஊறிய தண்ணீரை முதலில் ஊற்றி, கற்களுக்கு மண்வாசம் ஏற விடுங்கள்.

லிட்டருக்கு ஒரு கிராம் சாதாரண உப்பு கலந்த சிறு கலம் ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம். உப்புக் கலம் மட்டுமே இருக்கக் கூடாது. தேனீக்கு எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கவேண்டும்.

சோப்பும் சலவைத்தூளும் துளிகூடப் படக்கூடாது. தேனீயின் உடல் ரோமம் தண்ணீரை ஒட்டவிடாது. சோப்பு கலந்தால் அந்தக் காப்பு போய், மூச்சுத்துளைகளுக்குள் நீர் புகுந்துவிடும். பாத்திரம் தேய்த்த நாரைக் கலத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். இதற்கென்று தனி பிரஷ் வையுங்கள்.

தேனீக்களை வரவழைப்பது

சுத்தமான தண்ணீருக்குத் தனி மணம் இல்லாததால், முதலில் கண்டுபிடித்த தேனீக்கள் வயிற்று நுனியிலுள்ள சுரப்பியைத் திறந்து தங்கள் மணத்தை அங்கே பரப்பும். அந்த மணம் எலுமிச்சைப்புல் எண்ணெயின் மணத்தை ஒத்தது. ஒரே ஒரு துளி எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தண்ணீருக்கு மேல் நீட்டியிருக்கும் செங்கல்லில் தடவினால் தேடும் தேனீக்கள் விரைவில் வந்துவிடும். தண்ணீரில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

சர்க்கரைப்பாகு வைத்துப் பழக்கலாம் என்பார்கள். வேலை செய்யும்தான். ஆனால் திறந்தவெளியில் வைத்த பாகு குளவியையும் எறும்பையும் கூட்டும். பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்கப் பழகிவிடும். வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

ஏற்கெனவே பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் பழகிவிட்டால் வேலை கடினம். உங்கள் நீர்நிலையை முதலில் சரியாக அமையுங்கள். பிறகு அவர்களிடம் சொல்லி, அந்தத் தொட்டியை ஒரு வாரம் மூடிவைக்கவோ காயவிடவோ கேளுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்து தேனீக்கள் வெளியே வராமல் இருந்த பிறகு தொடங்குவது வசதி. உங்கள் கலத்தையே இடம் மாற்றவேண்டியிருந்தால் நாளுக்கு ஒரு மீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

கொசுவும் சுத்தமும்

வெப்பமான பருவத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக 7 முதல் 10 நாள் போதும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை தட்டின் தண்ணீரை முழுதாகக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். தட்டின் சுவரையும் கேனின் அடிப்பகுதியையும் வெறும் பிரஷால் அழுத்தித் தேயுங்கள். கற்களையும் ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள், ஆனால் பாசியும் மணமும் முழுதாகப் போகுமளவுக்குத் தேய்க்க வேண்டாம். கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. பாக்டீரியா வில்லை தேனீக்குத் தீங்கு செய்யாது. கொசுமருந்தும் மண்ணெண்ணெயும் கூடவே கூடாது.

எறும்பு ஏறினால் மேடையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அந்தக் கிண்ணத்திலும் இரண்டு கல் போடுங்கள், தேனீ அங்கேயும் போகும்.

என்ன தவறு, என்ன காரணம்

கேனில் தண்ணீர் இருந்தும் தட்டு காய்ந்திருந்தால் வலையில் பாசி அடைத்திருக்கும். தட்டு நிரம்பி வழிந்து கேன் ஒரே இரவில் காலியானால் மூடி கசிகிறது அல்லது கேனில் விரிசல். தினமும் நாலைந்து தேனீ மிதந்தால் கற்கள் சரிந்து நடுவில் திறந்த நீர் உண்டாகியிருக்கும். கலத்தின் விளிம்பில் மஞ்சளும் பழுப்புமாகக் கழிவுக் கோடுகள் தெரிந்தால் அன்றே கழுவி, இடத்தை மாற்றுங்கள்; பெட்டியின் முன்பக்கத்திலும் அதே கோடுகள் இருக்கிறதா என்று பாருங்கள். நாக்கு நீண்டபடி, நடுங்கிக்கொண்டு பல தேனீக்கள் கலத்தருகிலும் பெட்டி வாசலிலும் ஒரே நாளில் விழுந்தால் பூச்சிமருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். அருகில் எங்கே, எப்போது தெளித்தார்கள் என்று விசாரியுங்கள்.

பெட்டிக்குள் தண்ணீர் தரவேண்டிய நாட்கள்

அருகில் மருந்து தெளிக்கும் நாள், பெட்டியை வண்டியில் ஏற்றும் நாள், பல நாள் தொடர்ந்து வெளியே வரமுடியாத நாள் ஆகியவற்றில் வெளியே வைத்த கலம் உதவாது. காலியான அடைச்சட்டம் ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, தெளிப்பானால் அறைகளுக்குள் தண்ணீர் நிரப்பி, புழு அடைக்குப் பக்கத்தில் வையுங்கள். 200 மி.லி. அளவுக்குப் பிடிக்கும். அதிகம் வேண்டுமென்றால் சட்ட வடிவத் தீவனக் கலத்தில் அரை லிட்டர் ஊற்றி, உள்ளே ஏற வலைத்துண்டும் மிதக்க மரத்துண்டுகளும் போடுங்கள்.

வெயிலில் வாசலை அடைக்க நேர்ந்தால் மேல்மூடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை மூடியைப் போட்டு, அதன் பாதியில் ஈரச் சாக்கைப் பரப்புங்கள். மறுபாதி திறந்தே இருக்கட்டும். முழுதாக மூடினால் சூடான ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் கூட்டம் வெந்துபோகும். சாக்கை மணிக்கொருமுறை தொட்டுப் பார்த்து நனையுங்கள், நீர் சொட்டச்சொட்ட வேண்டாம். மருந்து தெளித்த நாளாக இருந்தால் மறுநாள் வாசலைத் திறப்பதற்கு முன் வெளிக்கலத்தைக் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டுத் திறவுங்கள்.